மழை இல்லாத எதிரொலி

வானிலை ரேடாரில் வேலை பார்த்தவனிடம் ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மழை வருமா, வராதா? பணி ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மழை அல்ல. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் நாளில், ஒரு துளி மேகம்கூட இல்லாத வேளையில், திரையில் வந்து நிற்கும் எதிரொலிகள்தான். அவற்றில் பெரும்பாலானவை பூச்சிகள். பூச்சிகளை ரேடார் பார்க்கிறது என்பதைப் பலர் நம்புவதில்லை. பார்க்கிறது என்று நம்புகிறவர்களோ, அது பூச்சியின் பெயரையும் சொல்லிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

எனக்குச் சொந்த ஊர் சேர்வராயன் மலையில் மாரமங்கலம். காப்பியும் மிளகும் சில்வர் ஓக் மரங்களுமாக இருக்கும் ஊர். ஏற்காட்டில் பள்ளி, சேலத்தில் கல்லூரி, அப்புறம் வானிலைத் துறையில் பார்வையாளர் வேலை என்று மலையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்கு வந்தவன் நான். சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட மாடியில் ரேடாரின் வெள்ளைக் கோளம் இருக்கிறது. நான் சேர்ந்த காலத்தில் அங்கிருந்தது பழைய சூறாவளி கண்டறியும் ரேடார். இருட்டறை, வட்டக் குழாய்த் திரை, அதில் சுற்றிச் சுற்றி வரும் ஒளிக்கோடு. கண்ணாடிமேல் மெழுகுப் பென்சிலால் எதிரொலிகளின் ஓரத்தை வரைந்து, நேரம் குறித்து, அடுத்த சுற்றில் அது எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். 2002-இல் டாப்ளர் ரேடார் வந்தது. அதன்பிறகு எதிரொலி எவ்வளவு வலுவானது என்பதோடு, அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, என்ன வேகத்தில் என்பதும் வண்ணமாகத் திரையில் தெரியத் தொடங்கியது. பூச்சிகளைப் பொறுத்தவரை அந்த வேகம்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது.

சித்திரை, வைகாசி வெயிலில் சென்னை ரேடாரைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். நண்பகலுக்குமேல் கடற்கரைக்கு இணையாக, வடக்கு தெற்காக, மெல்லிய கோடு ஒன்று உருவாகும். அது மெதுவாக மேற்கே நகரும். மீனம்பாக்கத்தைத் தாண்டும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும், சில நாள் அதற்கு அப்பாலும் போகும். கடற்காற்று உள்ளே நுழையும் முகப்பு அது. குளிர்ந்த கடற்காற்று தரையின் சூடான காற்றை முட்டித் தூக்கும் இடத்தில் காற்று மேலே எழும்புகிறது. அந்தக் காற்றில் அகப்பட்ட சிறு பூச்சிகளும் மேலே போகின்றன. உயரம் ஏற ஏறக் குளிர்வதால் அவை கீழே இறங்கப் பார்க்கும். காற்றோ மேலே தள்ளும். இந்த இழுபறியில் அவை அந்தக் கோட்டிலேயே குவிந்துவிடுகின்றன. ரேடாருக்குத் தெரியும் கோட்டில் பெரும் பங்கு இந்தக் குவியல்தான்.

கோடை இடிமழை எங்கே வெடிக்கும் என்று சொல்ல நாங்கள் இந்தக் கோட்டைத்தான் கவனிப்போம். அதாவது, மழை சொல்லும் எங்கள் தொழிலுக்கே பூச்சிகள் உதவி செய்துகொண்டிருந்தன. மேகமில்லாத வானில் டாப்ளர் ரேடார் காற்றின் வேகத்தைச் சொல்கிறது என்றால், அந்தக் காற்றில் ஏதாவது மிதக்க வேண்டும். வெப்ப நாடுகளில் அப்படி மிதப்பவற்றில் முக்கியமானவை பூச்சிகள். இருந்தாலும் பதிவேட்டில் அவற்றுக்கு இடமில்லை. 'கிளியர் ஏர் எக்கோ' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம். "மழை இல்லேன்னா நமக்கு அதுல வேலை இல்லப்பா" என்பார் எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புயல் காலத்தில் மூன்று ஷிப்டும் கண் அசராமல் பார்க்கிறவர்களுக்குப் பூச்சி எண்ண நேரமேது?

ஓய்வு நேரத்தில் நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் இது எவ்வளவு பழைய கதை என்று தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போதே ரேடார்காரர்கள் தெளிந்த வானில் வரும் மர்மப் புள்ளிகளைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிராஃபோர்டு 1949-இல் அவற்றில் பல பூச்சிகள்தான் என்று காட்டினார். 1954-இல் பாரசீக வளைகுடாவில் கடற்படைக் கப்பலின் ரேடாரில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் தெரிந்ததை ரெய்னி என்ற ஆய்வாளர் எழுதினார். நம் நாடும் பின்தங்கவில்லை. 1962 ஜூலையில் டில்லிமேல் வந்த வெட்டுக்கிளிகளை அங்கிருந்த ரேடாரில் பார்த்து, ரமண மூர்த்தியும் சக ஆய்வாளர்களும் 1964-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பூச்சிக்கென்றே ரேடாரை முதன்முதலில் பாலைவனத்துக்குக் கொண்டுபோனவர் கிளென் ஷேஃபர். 1968-இல் நைஜர் நாட்டில் வெட்டுக்கிளிகளைப் பார்க்கப் போனார். இரவு வானம் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்த இடத்தில், பொழுது சாய்ந்ததும் ஆயிரக்கணக்கில் பூச்சிகள் எழும்பிப் பறப்பதை அவருடைய ரேடார் காட்டியது.

ஷேஃபர் கண்டுகொண்ட இன்னொரு விஷயம்தான் பூச்சியை அடையாளம் காண்பதற்கு அடிப்படை. தனிப் பூச்சி ஒன்றிலிருந்து வரும் எதிரொலி ஒரே சீராக இருப்பதில்லை. இறக்கை அடிக்கும்போது உடல் சுருங்கி விரிவதால் எதிரொலியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் விநாடிக்கு எத்தனை முறை இறக்கை அடிக்கிறது என்று தெரிந்துவிடும். வெட்டுக்கிளி விநாடிக்குச் சுமார் 20 முறை, பெரிய பட்டாம்பூச்சி ஏறத்தாழ 10 முறை, தேனீ 200-க்கும் மேல். தூரத்தில் வருகிறவர் முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்து இன்னார் என்று நாம் சொல்லிவிடுவதில்லையா, அதுபோலத்தான்.

ரேடார் அலைக்குப் பூச்சி என்பது கிட்டத்தட்ட ஒரு துளி நீர். இறக்கையும் கால்களும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. உடம்பிலுள்ள நீர்தான் அலையைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே எதிரொலியின் வலிமையிலிருந்து உடலின் எடையை மதிப்பிட முடியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளாக இருந்தால், அதன் குறுக்களவு பாதியாகும்போது எதிரொலி பாதியாவதில்லை. 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சென்னையில் உள்ளது போன்ற 10 செ.மீ. அலை ரேடார் பூச்சிக் கூட்டத்தை மொத்தமாக ஒரு மங்கலாகக் காட்டுமே தவிர, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டாது. பூச்சி ஆய்வுக்கு 3 செ.மீ. அலையே அதிகம் பயன்படுகிறது. கப்பல்களில் வைக்கும் ரேடாரும் அதே அலைதான் என்பதால் உதிரிப் பாகம் எளிதாகக் கிடைக்கும். நம் நெல் விவசாயி நன்றாக அறிந்த புகையான் பூச்சியோ சில மில்லிகிராம் எடைதான். அதைப் பார்ப்பதற்கென்று ரைலி என்ற ஆய்வாளரின் குழு 8 மி.மீ. அளவிலான அலையில் தனி ரேடார் ஒன்றைச் செய்து சீனாவுக்குக் கொண்டுபோனது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் வேறு வழியில் போனது. அவர்களுடைய ரேடார் சுற்றுவதில்லை. நேராக மேலே பார்த்தபடி நிற்கிறது. தரைக்கு மேலே ஏறக்குறைய 150 மீட்டரிலிருந்து 1,200 மீட்டர் வரை உள்ள காற்றைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் கடந்துபோகும் பூச்சியைத் தனித்தனியே அளக்கிறது. அலையின் அதிர்வுத் தளம் சுழன்றுகொண்டே இருப்பதால் பூச்சியின் உடல் நீண்டதா, குண்டானதா, தலை எந்தப் பக்கம் என்பதும் தெரிகிறது. எடை, உடல்வாகு, இறக்கையடி, வேகம், திசை, உயரம் என்று ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சிறு ஜாதகமே கிடைத்துவிடும். இப்படிப் பத்தாண்டு சேர்ந்த பதிவை வைத்து 2016-இல் ஒரு கணக்கு வெளியானது: தெற்கு இங்கிலாந்துக்கு மேலே மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 லட்சம் கோடி பூச்சிகள் கடந்துபோகின்றன. மொத்த எடை 3,200 டன். அந்தக் குளிர் நாட்டிலேயே இவ்வளவு என்றால், ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் வானத்தில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல அப்படியொரு நெடுங்காலப் பதிவு வேண்டும்.

அப்படிப்பட்ட கருவி என் கையில் இல்லை. இருந்தது மழை ரேடார். அதை வைத்துக்கொண்டு எது பூச்சி, எது பூச்சியல்ல என்று பிரிப்பதற்கு நாளடைவில் எனக்கென்று ஒரு வரிசை உண்டாயிற்று. இளையவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் செயற்கைக்கோள் படம். மேகமே இல்லாத இடத்தில் எதிரொலி இருந்தால் அது மழையல்ல. அடுத்து உயரம். மழை மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எழும். பூச்சி எதிரொலி பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அது ரேடாரைச் சுற்றி ஒரு வட்டமாகத் தெரியும். தூரம் போகப் போக அலை உயரே போய்விடுவதால் வட்டம் முடிந்துவிடும். மூன்றாவது வேகம். நகராமல் நிற்பது கட்டடமும் குன்றும். அதிகாலையில் காற்றடுக்குகள் அலையை வளைத்துத் தரைமேல் விழச் செய்வதால் இல்லாத எதிரொலி பலமாகத் தெரியும். அதற்கும் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். நான்காவது நேரம். சூரியன் மறைந்து அரைமணிக்குள் எதிரொலி குப்பென்று வளர்ந்தால், அது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் மற்றவையும் ஒன்றாகக் கிளம்பும் வேளை. மழை அப்படி நேரம் பார்த்து வருவதில்லை.

ஐந்தாவதுதான் கடினம்: பூச்சியா, பறவையா? இங்கேதான் டாப்ளர் வேகம் உதவியது. மீனம்பாக்கத்திலிருந்து காலையும் மாலையும் வானிலை பலூன் விடுகிறார்கள். எந்த உயரத்தில் காற்று எவ்வளவு வேகம், எந்தத் திசை என்பது அதில் வந்துவிடும். எதிரொலி நகரும் வேகத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கழித்தால், மிஞ்சுவது அந்த உயிரின் சொந்தப் பறப்பு வேகம். விநாடிக்கு ஐந்தாறு மீட்டருக்குள் மிஞ்சினால் பூச்சி. பத்து மீட்டரும் அதற்கு மேலும் போனால் பறவை. சிறு பூச்சிகளுக்கு மிச்சமே இருக்காது. அவை காற்று போகும் இடத்துக்குப் போகிறவை. இந்தக் கழித்தலைத் தாளில்தான் போடுவேன். ஷிப்டு முடிந்து மாநகரப் பேருந்தில் வீடு திரும்பும்போதுகூட மனத்துக்குள் திசைக்கோடு வரைந்துகொண்டிருப்பேன்.

இப்போது வரும் இரட்டை முனைவாக்க ரேடார்கள் இந்த வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டன. கிடைமட்ட அலையையும் செங்குத்து அலையையும் சேர்த்து அனுப்பி, இரண்டு எதிரொலியும் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறார்கள். மழைத்துளிகளுக்கு அந்த எண் ஒன்றை ஒட்டியே நிற்கும். நீண்ட உடலும் நிலையில்லாத பறப்பும் கொண்ட பூச்சிகளுக்கு அது வெகுவாகக் கீழே இறங்கிவிடும். மழையும் பூச்சியும் ஒரே நிமிடத்தில் பிரிந்துவிடுகின்றன. ஆனால் இந்த வசதியின் மறுபக்கம் ஒன்று உண்டு. பிரிக்க முடிந்ததால், பூச்சியை 'வானிலை அல்லாதது' என்று மென்பொருளே வடிகட்டி எறிந்துவிடுகிறது. பொதுமக்கள் பார்க்கும் படத்தில் அது வராது. முன்பு எங்கள் கண்ணிலாவது பட்டது; இனி யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

இவ்வளவு செய்தும் ரேடார் சொல்வது 'பூச்சி, இவ்வளவு எடை, இந்தப் பக்கம் போகிறது' என்பதோடு நிற்கிறது. எந்தப் பூச்சி என்று சொல்ல, கீழே ஒரு மனிதர் வேண்டும். 2017 அக்டோபரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ரேடாரில் நூறு கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. வானிலை அலுவலகம் அதைப் பறவைக் கூட்டம் என்றே முதலில் கருதி மக்களிடம் கேட்டது. ஊர் மக்களும் பூச்சியியலாளர்களும் சொன்ன பிறகுதான் அவை பெயின்டட் லேடி பட்டாம்பூச்சிகள் என்று தெரிந்தது. ரேடார் கூட்டத்தைக் காட்டியது. பெயர் வைத்தது தோட்டத்தில் நின்றிருந்தவர்கள்.

ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். ஐதராபாத் அருகே படான்செருவில் இக்ரிசாட் நிறுவனத்தின் வயல்களில், துவரையையும் கொண்டைக்கடலையையும் அழிக்கும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி இரவில் எப்படி எழும்பிப் பறக்கிறது என்று ரைலியும் உடன் ஆய்வாளர்களும் ரேடார் வைத்துப் பார்த்தார்கள். 1992-இல் அந்த ஆய்வு வெளியானது. ரேடாரை மட்டும் நம்பி அவர்கள் இருந்துவிடவில்லை. இருட்டில் பார்க்கும் கருவிகளோடு வயலிலும் நின்றார்கள். மேற்கு வங்காளத்தில் அசுவினியும் மற்றச் சிறு பூச்சிகளும் காற்றோடு எவ்வளவு தூரம் போகின்றன என்பதை அறிய, பலூனில் வலை கட்டிப் பறக்கவிட்டுப் பிடித்தார்கள். ரேடார் பூச்சியியல் என்று பெயர் இருந்தாலும், அதில் பாதி வலையும் விளக்குப்பொறியும்தான்.

இதெல்லாம் யாருக்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் சேலத்து மக்காச்சோளக்காரரைத்தான் காட்டுவேன். படைப்புழு இந்தியாவில் முதன்முதலாக 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது. அதன் அந்துப்பூச்சி இரவில் காற்றைப் பிடித்து வெகுதூரம் போகக்கூடியது. வந்திறங்கும் இரவிலேயே தெரிந்தால், மருந்து அடிக்க வேண்டிய நாளைச் சரியாகப் பிடிக்கலாம். தேவையில்லாமல் மூன்று முறை அடிப்பதையும் தவிர்க்கலாம். 2020-இல் வட இந்தியாவில் வெட்டுக்கிளி புகுந்தபோது நம் பக்கமும் பீதி பரவியது. கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்த வெட்டுக்கிளிகளைப் பார்த்து ஊரே பயந்தது. வேளாண் அலுவலர்கள் வந்து, அது பாலைவன வெட்டுக்கிளி அல்ல, உள்ளூர் வகை என்று சொன்ன பிறகே நிம்மதி. வானத்தில் கூட்டம் எதுவும் நகரவில்லை என்று ஒரு ரேடார் சொல்லியிருந்தால் அந்தப் பயம் அரை நாளில் தீர்ந்திருக்கும்.

இனி என் ஊருக்கு வருகிறேன். மாரமங்கலத்தில் பூச்சிகளின் வலசை புதிய செய்தியல்ல. புரட்டாசி, ஐப்பசியில் வெயில் ஏறியதும் பட்டாம்பூச்சிகள் சரிவுகளின்மேல் ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பதை நாங்கள் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவையே அவற்றில் அதிகம். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் வலுக்கும் முன்பும் தொடங்கும்போதும் இவை கிழக்கே சமவெளிக்கும், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை போன்ற கிழக்கு மலைகளுக்கும் வருகின்றன. இங்கே இனம் பெருகியபின், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மறுபடி மேற்கு மலைகளை நோக்கிப் போகின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த 'தி நேச்சர் அண்ட் பட்டர்ஃபிளை சொசைட்டி' தன்னார்வலர்கள் தமிழ்நாடெங்கும் இந்தப் போக்குவரத்தைப் பதிவு செய்துவருகிறார்கள். வழியில் கிலுகிலுப்பைச் செடியும் தேள்கொடுக்கும் இருக்கும் இடங்களில் ஆண் பூச்சிகள் கொத்துக் கொத்தாக அமர்ந்திருக்கும். இனச்சேர்க்கைக்கும் தற்காப்புக்கும் வேண்டிய வேதிப்பொருளை அவை அந்தச் செடிகளிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. களை என்று அவற்றை வேரோடு பிடுங்கும்போது இதையும் நினைக்க வேண்டும்.

ஒரு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் காப்பிக் களத்தில் நின்றபடி பட்டாம்பூச்சிகளைக் காட்டிக் கேட்டார்: "ஏன் தம்பி, மெட்ராசுல அவ்ளோ பெரிய மெஷினு வெச்சிருக்கீங்களே, இது அதுல தெரியுமா?"

"தெரியாது அண்ணே" என்றேன்.

"அப்புறம் என்னத்துக்கு அது?"

அவருக்குக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். சென்னையிலிருந்து ஏற்காடு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். பூமி உருண்டை, ரேடார் அலை கிட்டத்தட்ட நேராகப் போகிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் அலை இந்த மலைக்கு வரும்போது கடல்மட்டத்திலிருந்து ஆறரை கிலோமீட்டர் உயரத்தில் போகும். மலை ஒன்றரை கிலோமீட்டர் என்று கழித்தாலும் தலைக்குமேல் ஐந்து கிலோமீட்டர். காரைக்கால் ரேடார் கொஞ்சம் பக்கம், 200 கிலோமீட்டர். அதன் அலையும் மலைக்குமேல் இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால்தான் போகும். பட்டாம்பூச்சி அங்கே போகாது. அண்ணன் கேட்டுக்கொண்டு, "அப்ப இங்க இருக்கிறதப் பார்க்க இங்கதான் இருக்கணும்" என்றார். நான் படித்த கட்டுரைகள் எல்லாம் சுற்றிவந்து சொல்லும் முடிவை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

தும்பிகள் கதை வேறு. தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் உலகம் சுற்றும் தும்பியினம் ஒன்று மிக உயரேயும் பறக்கிறது. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர்க் குளமே அரிதான அந்தத் தீவுகளில் ஆண்டுதோறும் அக்டோபரில் தும்பிகள் கூட்டமாக வந்திறங்குவதைக் கவனித்தார். அவை இந்தியாவிலிருந்து புறப்பட்டு, கடலுக்குமேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில் வீசும் வடகிழக்குக் காற்றைப் பிடித்து, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-இல் எழுதினார். பல தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் அந்தச் சுற்றுப்பயணம் 14,000 கிலோமீட்டருக்கும் மேல். இப்படிப்பட்ட பயணியைத் தரையில் நின்று எண்ண முடியாது. அங்கே ரேடார்தான் வேண்டும்.

ஓய்வு பெற்றபின் மாரமங்கலத்துக்கே வந்துவிட்டேன். இப்போது என் கருவி கைக்கடிகாரமும் திசைகாட்டியும் ஒரு நோட்டும்தான். சரிவின் விளிம்பில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொள்வேன். அந்தக் கோட்டை எந்தப் பக்கமிருந்து எத்தனை கடக்கின்றன என்று ஐந்து நிமிடம் எண்ணுவேன். திரும்பிப் பறப்பவற்றைக் கழித்துக்கொள்வேன். காற்றுத் திசையையும் மேகத்தையும் பக்கத்தில் எழுதுவேன். இரவில் வீட்டுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி விளக்கு வைத்தால், வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைப் படம் எடுக்கலாம். ரேடார் அறையில் கற்ற பழக்கம் இதில் ஒன்றே ஒன்றுதான் பயன்படுகிறது: எதுவும் வராத நாளையும் எழுதிவைப்பது. பூஜ்யம் என்று எழுதாத நோட்டு பாதி நோட்டுதான். ஒன்றும் வரவில்லை என்பதும், யாரும் பார்க்கவில்லை என்பதும் பின்னால் வருகிறவருக்கு ஒன்றாகத் தெரிந்துவிடக்கூடாது.

ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் வானிலை ரேடார் அமைக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. அந்தச் செய்தியை நான் மழைக்காக மட்டும் வரவேற்கவில்லை. மலைமேல் நிற்கும் ரேடாரின் அலை சேலம் சமவெளிக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகும். தும்பிகளும் உயரப் பறக்கும் அந்துப்பூச்சிகளும் போகும் அடுக்கு அது. மலைமுகட்டைக் கடக்கும் கூட்டங்களும் அதற்கு அருகிலேயே அகப்படும். மரத்தின் உச்சிக்குக் கீழே பறக்கும் கருநீல வரியனை மட்டும் அது பார்க்காது. அதற்கு நாம் இருக்கிறோம்.

அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மழைப் படத்தில் பூச்சியை வடிகட்டுங்கள், தவறில்லை. விவசாயிக்குத் தெளிவான படம் வேண்டும். ஆனால் வடிகட்டுவதற்கு முந்தைய மூலத் தரவை அழிக்காமல் சேமித்துவையுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. அங்கே ஒரு விளக்குப்பொறியை நிரந்தரமாக வைத்து, அதில் விழுவதை அதே இரவின் ரேடார் பதிவோடு ஒப்பிட்டால் போதும். தமிழ்நாட்டின் முதல் பூச்சி வலசை அட்டவணையை இந்த மலையிலிருந்தே தொடங்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. ரேடாருக்கான செலவு எப்படியும் ஆகப்போகிறது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஐப்பசியில் உங்கள் வீட்டு மாடிக்கு மேலே பட்டாம்பூச்சிகள் ஒரே திசையில் போவதைப் பார்த்தால், படம் எடுத்துப் பகிர்வதோடு நிறுத்தாதீர்கள். தேதி, நேரம், இடம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, ஐந்து நிமிடத்தில் எத்தனை என்ற ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். பட்டாம்பூச்சி அமைப்புகளுக்கு அனுப்புங்கள். உயரத்தில் போவதை ரேடார் பார்த்துக்கொள்ளும். அது என்ன பூச்சி என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.